மெடிக்ஸ் என்றால் அரசன் இல்லை

விஷயத்தை நேரில் அறிந்தவரே சத்தியக் கடதாசியில் கையெழுத்திட வேண்டும். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்த முப்பது ஆண்டுகளும் நான் பிறருக்கு ஓதிய விதி இது. லண்டனில் அதை நானே மீறினேன்.

மன்னாரில் லத்தீன் கற்பித்த சூசை மாஸ்டர், வெம்பிளியில் ஆஸ்பத்திரித் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஓர் அருங்காட்சியகத்தில், பழைய இத்தாலிய வெண்கலத் தகட்டின் கீழே ‘மெடிக்ஸ்: அரசன்’ என்றிருந்ததைக் கண்டு கொதித்துப்போனார்.

“அண்ணை, மெடிக்ஸ் ராசா இல்லை. சனம் தெரிவுசெய்யிற நீதவான்!”

ஆதாரங்களோடு ஆறு பக்கம் எழுதினார். பாராட்டி ஒரு பதில் வந்தால், அதைக் காட்டி ஆசிரியர் வேலை கேட்கலாம் என்று நம்பினார்.

“கிளீனர் எழுதின கடிதத்தை ஆர் மாஸ்டர் வாசிக்கப்போகினம்? என்ர பேரில போடுவம்” என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிழையைத் திருத்திவிட்டார்களாம். என் புலமையை மெச்சி, உரையாற்ற அழைத்திருந்தார்கள். மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“நீங்கள் லத்தீன் எப்ப படிச்சனீங்கள், அண்ணை?”

எழுதியவர் அவரே, அவரையே அழையுங்கள் என்று அன்றே கடிதம் போட்டேன். உரை ரத்தாகிவிட்டது என்ற இரண்டு வரிப் பதில், 1989 மார்ச் 9ஆம் திகதி வந்தது.