ஊர்த்தெருவில் கொள்ளிச்சட்டி

ஓசூரில் எங்கள் வாசகர் வட்டம் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் வீட்டில் புத்தகம் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். கம்பெனியில் உதிரிபாகங்களைத் தரம் பார்க்கிற வேலை. ஆனால் அன்றைக்குப் பேசிவிட்டேன். மாவட்ட வரலாற்றில் பெயர் பெற்ற பெண்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவாகி, ஆளுக்கொரு பலகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுகல்லில் கை தூக்கி நிற்கும் பெண், சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர், முதல் பெண் டாக்டர். எல்லோரும் செத்துப்போனவர்கள்.

“உயிரோட இருக்கறவங்க யாரும் வேணாமா சார்?” என்றேன்.

வட்டத்தை நடத்துபவர் வங்கியில் ஓய்வுபெற்றவர். “இருந்தா சொல்லுங்க தம்பி. ஆனா ஆதாரம் வேணும்” என்றார்.

“நான்தான் சார் ஆதாரம். அன்னிக்குப் பாடைக்குப் பின்பக்கத் தோள் கொடுத்தவன் நான்.”

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர்த்தெரு வழியாகத் தார் ரோடு நேராகச் சுடுகாட்டுக்குப் போகும். எங்கள் காலனியில் விழும் பிணம் மட்டும் அந்த வழியில் போகக் கூடாது, ஏரிக்கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தார். ஏரி நிரம்பிக் கரை வழி தண்ணீருக்குள் கிடந்தது. இறந்தவரின் ஒரே மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் பக்கம் போயிருந்தார். மகன் இல்லையென்றால் பங்காளிகளில் ஒருவர் கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டும். சட்டி எடுப்பவன்தான் பாடைக்கு முன்னால் நடப்பான். அப்படியென்றால் ஊர்த்தெருவில் முதலில் கால் வைப்பவனும் அவன்தான். ஒருவருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருவருக்குப் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், சட்டியைத் தொடக் கூடாது. பாடை எங்கள் தோளில் கனத்தது. தூறல் விழுந்தது.

இறந்தவரின் மருமகளை முறை வைத்துச் சின்னம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து சட்டியைக் கயிற்றோடு தூக்கினார். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்வது வழக்கம். அவர் நிற்கவில்லை. தார் ரோட்டில் ஏறி நேராக ஊர்த்தெருவுக்குள் நடந்தார். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஆண் ஒருவன் முன்னால் போயிருந்தால் அடித்திருப்பார்கள். கொள்ளிச்சட்டியோடு வரும் பெண்ணை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து எங்கள் பிணங்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. அடுத்து வந்த தேர்தலில் அவர் ஊராட்சித் தலைவரானதும் அந்த நடையால்தான்.

“அந்தப் பலகை உங்களோடது தம்பி” என்றார் வங்கிக்காரர்.

மறுநாளே சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். பதவிக்காலம் முடிந்து இப்போது ஹைவேயில் குடை நட்டு வேர்க்கடலையும் மாங்காயும் விற்கிறார். லாரிக்காரர் ஒருவர் கன்னடத்தில் பேரம் பேச, இவர் கன்னடத்திலேயே திட்டி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பலகையா? அதுல என்னத்தடா எழுதுவ?”

“நீ சட்டி தூக்குனதத்தான்.”

“வறட்டி மழையில நனையுது, இவனுங்க நின்னு நாயம் பேசறானுங்க. அணைஞ்சுபோனா மறுபடி எவன் பத்த வெக்கறது? அதான் தூக்கனேன்.”

“அவ்ளோதானா சின்னம்மா?”

“பின்ன, பீரங்கியா வெடிச்சேன்?”

கூட இருந்த அவர் மகள் சிரிக்கவில்லை. போன் தயாரிக்கும் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண். “அண்ணா, கொஞ்சம் இப்படி வா” என்று மாங்காய்க் கூடைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்ன பையன் அதே கம்பெனியில் சூப்பர்வைசர், தூத்துக்குடி பக்கத்துக்காரன். நம்ம சனம்தான். வருகிற ஞாயிறு அவன் அம்மா பெண் பார்க்க வருகிறார்.

“பூனை குறுக்க வந்துச்சுன்னு ஊருக்குப் போற பஸ்ஸையே விட்டவங்கண்ணா அவங்க. எங்கம்மா கொள்ளிச்சட்டி எடுத்தவன்னு நீ ஓசூர்ல பிளக்ஸ் அடிச்சு மாட்டுனா, என் கல்யாணம் அதோட போச்சு. ரோடு போட்டாங்க, தண்ணித்தொட்டி கட்டுனாங்கன்னு எழுதேன். அது என்ன பொய்யா?”

பொய்யில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. அந்த வாரம் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. ரோடும் தொட்டியும் வைத்து எழுதினேன். எந்த ஊர்த் தலைவருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. அழித்தேன். சட்டியை வைத்து எழுதினேன். மாங்காய்க் கூடைக்குப் பின்னால் நின்ற முகம் வந்தது. அதையும் அழித்தேன். கேன்டீனில் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தேன். ஷிப்ட் முடிந்து அறைக்குத் திருப்ப வேண்டிய பைக்கை நினைவில்லாமல் சூளகிரி வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பிளக்ஸ் கடைக்காரர் வேறு, “மேட்டர் எங்க பாஸ்?” என்று போன் மேல் போன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போடுவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா அன்றைக்கும் லாரியில் லோடோடு வெளியூரில் இருந்தார். மாப்பிள்ளையோடு வந்த அவன் அம்மா வேனிலிருந்து வலது காலை எடுத்து வைத்து இறங்கினார். பெண்ணைப் பார்த்தார், பூ வைத்தார், காபி குடித்தார். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். காபி அந்தக் கணக்கில் வராது, சோறுதான் கணக்கு. எல்லோருடைய கண்ணும் சமையல் பக்கமே இருந்தது. அந்த அம்மாள் தானாகவே, “பசிக்குது மதினி, இலையப் போடுங்க” என்றதும் பெண்ணின் முகம் மலர்ந்தது.

இலை போட்டாயிற்று. சின்னம்மா சோற்றுக் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணி, கை நனைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்.”

“ம்மா” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. நாளைக்கு எவனாவது சொல்லி, சோத்தத் தின்னுட்டு ஏமாந்தோம்னு இவங்க நிக்கக் கூடாது. அண்ணி, எங்க மாமனாருக்குக் கொள்ளிச்சட்டி எடுத்தவ நான்தான். சுடுகாடு வரைக்கும் போனேன்.”

அந்த அம்மாள் இலையைப் பார்த்தபடி கேட்டார். “உங்க பக்கம் பொம்பளைய எடுப்பாகளோ?”

“எடுக்க மாட்டாங்க. நான் எடுத்தேன்.”

“பங்காளிக யாரும் இல்லியா?”

“ஏன் இல்ல? நெறைய பேர் இருந்தாங்க.”

அந்தப் பங்காளிகளில் ஒருவர் கதவோரம் நின்றிருந்தார்; இருமிக்கொண்டு வெளியே போனார்.

அந்த அம்மாள் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. “காபி நல்லாருந்துச்சு மதினி. சொல்லி அனுப்புதோம்.” பையன் ஒரு நிமிடம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தான். வேனிலிருந்து அம்மா கூப்பிட்டதும் எழுந்து போனான்.

மகள் இலைகளை மடிக்காமல் அப்படியே அள்ளினாள். என்னைத் தாண்டிப் போகும்போது, “இனிமே எதுக்கு மறைக்கற? சட்டியவே எழுது” என்றாள்.

“கோவத்துல சொல்றியா?”

“கோவத்துலதான் சொல்றேன். எழுது.”

அவள் அம்மாவைப் பார்த்தேன். குண்டானை இறக்கி வைத்துவிட்டு, “எனக்கு என்ன? அவதான் சொல்லணும். சொல்லிட்டா” என்றார்.

எழுதினேன். பலகை மாட்டியதும் ஓசூரில் சிலர் நின்று படித்தார்கள், சிலர் நகர்ந்துவிட்டார்கள். வங்கிக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை படித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்றவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மகளுக்கு வார விடுமுறை நாளில், பலகையின் போட்டோவைக் கொடுக்க ஹைவே கடைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. அந்தப் பையன் கம்பெனிச் சட்டையோடு இறங்கினான். யாரையும் பார்க்காமல் கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்தான்.

“அத்த, சாப்பாடு இருக்கா?”

சின்னம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். “உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அன்னிக்கிலருந்து எங்கிட்ட பேசவே இல்ல.”

சின்னம்மா தனக்குக் கொண்டுவந்திருந்த தூக்கைத் திறந்து, மூடியில் தயிர்ச்சோற்றைப் போட்டு, மாங்காய்க் கீற்று ஒன்றை மேலே வைத்து நீட்டினார். அவன் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மகள் அவன் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அவங்க வருவாங்களா?”

“தெரியல” என்றான் வாயில் சோற்றோடு. “இன்னுங் கொஞ்சம் போடுங்கத்த.”