ஆசிரியர் பேசிய நேரம்

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். வகுப்பில் ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், பிள்ளைகள் நிறையப் பேச வேண்டும் என்பதை மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசி விளக்குவார். எதிரே நாற்பது ஆசிரியர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு குறிப்பெடுப்பார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

அன்று அவர் ஒரு மதிப்பீட்டுப் படிவமும், ஆசிரியர் பேசும் நேரத்தை அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச்சுமாக ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தது அந்த வகுப்பின் ஆங்கில டீச்சரை. போன வருடம் தொண்டையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. பேச முடியாதவர் ஆங்கிலம் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று பெற்றோர் சிலர் புகார் எழுதிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்குப் படிவத்தில் தேறாவிட்டால் பத்தொன்பது வருடம் வகுப்பறையில் நின்றவர் இனி ஆபீசில் கோப்பு அடுக்க வேண்டியதுதான். 'பாவம், ஆபீஸ் வேலையும் மோசமில்லை' என்று மனதுக்குள் தீர்ப்பெழுதி முடித்துவிட்டுத்தான் பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார்.

டீச்சர் செருப்புப் பெட்டி மூடிகளை வெட்டிச் செய்த எட்டு அட்டைகளை எட்டுக் குழுக்களுக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கையால் வரைந்த ஒரு படம். தன் படத்தை யாரிடமும் காட்டக்கூடாது, ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் செய்யலாம். எட்டையும் சேர்த்துக் கதையை வரிசைப்படுத்த வேண்டும். இந்த விதிகள் பிள்ளைகளுக்கு முன்பே அத்துப்படி. டீச்சர் இரண்டு தடவை கைதட்டினார். அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது.

பஸ்ஸில் குடையைத் தொலைத்த ஒரு ஆளின் கதை அது. மழை முதலா, பஸ் முதலா என்று ஜன்னலோரப் பெண்ணும் முன்வரிசைப் பையனும் கட்டிப்புரளாத குறை.

"நோ, நோ! ரெயின் கம்ஸ் ஃபர்ஸ்ட்!"

"ஹவ் டூ யூ நோ?"

தப்பும் தவறுமாகத்தான் பேசினார்கள். ஒருத்தி தடுமாறியபோது டீச்சர் அருகே போய் விரல்களை விரித்து, வார்த்தைக்கு ஒரு விரலாகத் தொட்டுக்காட்டி, நடுவிரலில் நிறுத்தினார். அவள் அந்த விரலையே பார்த்தாள். உதடு அசைந்தது. விட்டுப்போன வார்த்தையைத் தானே பிடித்துப் போட்டு முழு வாக்கியத்தையும் உரக்கச் சொன்னாள். டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள்.

பயிற்சியாளர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தான் இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, தானே ஒரு தடவையும் கண்ணால் பார்த்திராதது எதிரே நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மெய்சிலிர்த்தது. ஸ்டாப்வாட்ச்சின் மேல் வைத்த கட்டைவிரல் நாற்பது நிமிடமும் அப்படியே இருந்தது.

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது: ஆசிரியரின் உச்சரிப்பு. அது காலியாக இருந்தால் தேர்ச்சி இல்லை.

அங்கே காத்திருந்த தலைமையாசிரியை தன் போனை நீட்டினார். "இதுக்கு மார்க் போடுங்க சார். ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் லீவு போட்டு, வருஷப் பாடம் முழுக்கப் பேசிப் பதிவு பண்ணியிருக்காங்க."

ஒலித்த குரலைக் கேட்டுப் பயிற்சியாளர் அசந்துபோனார். தெளிவான, கனிவான குரல். நாள் முழுக்கக் கேட்கலாம். "இவ்வளவு நல்லாயிருக்கே! ஏம்மா இதை வகுப்புல போடல?"

டீச்சர் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'முதல் வாரம் போட்டேன். எல்லாரும் கைகட்டி அழகாகக் கேட்டார்கள். ஒருவரும் பேசவில்லை. நிறுத்திவிட்டேன்.'

"அது போகட்டும், இப்போ மார்க்குக்கு மட்டும் எடுத்துக்கலாம்ல?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் தலையசைத்து மறுத்தார். 'அது இந்த வகுப்பில் நடக்கவில்லை' என்று எழுதினார். அந்தக் கட்டத்தின் விலை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சியாளர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். தனக்குப் பிரியமான சொந்தக் குரலை, அதுவும் இனி திரும்பாத குரலை, பிள்ளைகள் பேச வேண்டும் என்பதற்காக ஒருத்தி தானாகவே நிறுத்தி வைத்திருக்கிறாள். இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? காலிக் கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தார். கீழே, 'வகுப்பை இவரிடமிருந்து எடுக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மேலே கேட்டா என்ன சார் சொல்றது?"

"கேக்கிறவங்களை வரச் சொல்லுங்க. ஒரு பீரியடு உட்கார்ந்து பார்க்கட்டும்."

டீச்சர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். அட்டைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தவர் வராந்தா தூணருகே நின்று அழுதார். அடுத்த மணி அடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக்குள் போனார்.