சாமியப்பன் வாங்கிய அட்வான்ஸ்

மங்கலம் ரோட்டுப் பனியன் கம்பெனி ஒன்றில் சாமியப்பன் துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். மெஷின் ஓட ஆரம்பித்தால் அவருடைய கை மட்டும்தான் அங்கே இருக்கும். வெள்ளைத் துணி மடியில் வழிந்துகொண்டிருக்க, ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்க, அவரும் கூடவே மிதப்பார். மிதக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருள் எதிரே வரும். ஒரு நாள் இரட்டைக் கதவு பிரிட்ஜ் வந்தது. இன்னொரு நாள் முதுகு பிடித்துவிடும் நாற்காலியே வந்தது. தேடி வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்புகிற வழக்கம் கொங்கு நாட்டில் இல்லை; எல்லாம் கார்டிலேயே வீடு வந்து சேர்ந்தன.

கிரெடிட் கார்டு பற்றி அவருக்குத் தெளிவான கொள்கை உண்டு. நல்ல டெய்லருக்கு காண்ட்ராக்டர் அட்வான்ஸ் கொடுப்பார். ஆள் வேறு கம்பெனிக்குத் தாவாத வரை அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் பேருக்குக் கொஞ்சம் பிடிப்பார்கள். அட்வான்ஸ் பெரிதென்றால் ஆளும் பெரிய ஆள். பேங்க் கொடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரம் லிமிட்டையும் சாமியப்பன் இந்த மரியாதையில்தான் சேர்த்திருந்தார். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினார். வேறு பேங்குக்குப் போகாமல் விசுவாசமாகவும் இருந்தார்.

தங்கை அமராவதியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூப்பு நன்னீராட்டுச் சீர். தாய்மாமன் ஒரு பவுன் சங்கிலி போடுவதாக உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மனைவி சித்ரகலாவோடு நகைக்கடையில் கார்டை நீட்டினார். மெஷின் ஏற்கவில்லை.

"வேற கார்டு இருக்குங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

சித்ரகலா அவர் போனை வாங்கிப் பார்த்தாள். "என்னுங்க இது, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பாக்கின்னு காட்டுது?"

"பாக்கி இல்ல புள்ள, அட்வான்ஸு."

"மாசம் ஆறாயிரம் கட்டறீங்க. அதுல நாலாயிரம் வட்டிக்கே போகுதுங்க."

"உட்டுட்டுப் போனாத்தான கேப்பாங்க? நான் எங்க போறேன்?"

"நீங்க போகமாட்டீங்க. ஊடுவாசல்தான் போகும்."

சாமியப்பன் ஏசிக் காற்றடிக்கும் மூலைக்கு நகர்ந்தார். கண்ணை மூடியதும் ஞாயிற்றுக்கிழமைச் சபை தெரிந்தது. பந்தலில் உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, லட்சம் பனியனுக்கு ஓரம் அடித்த தாய்மாமன் நடுவில் வெற்றுடம்போடு நின்றார். கண்ணைத் திறந்து தங்கைக்குப் போன் போட்டார்.

"அம்மணி... சங்கிலி இப்ப ஆகாது. சின்னதா கம்மல்தான் போட முடியும்."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு.

"அப்பாடா! நீங்க பவுன் போட்டா உங்க பையன் கல்யாணத்துக்கு நாங்களும் பவுன் போடோணும்லண்ணா? எங்கூட்டுக்காரரு நேத்திருந்து அவிய கார்டை எடுத்து வெச்சுட்டு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க."

"சபையில என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சீர்த்தட்டோட எண்ணிக்கையக் கூட்டிருங்க."

ஞாயிறன்று ஐம்பத்தொரு சீர்த்தட்டு ஊர்வலமாகப் போனது. ஆப்பிள், சாத்துக்குடி, கம்மல் எல்லாம் சித்ரகலா ரொக்கம் எண்ணி வாங்கியவை. ஜனங்கள் தட்டை எண்ணுவதிலேயே களைத்துப்போய்ச் சங்கிலியை மறந்தார்கள். சாமியப்பனின் கார்டு இப்போது சித்ரகலாவின் பீரோவில் இருந்தது. சாவி அவள் இடுப்பில். கேட்டால் தருவாளா என்று சாமியப்பன் யோசித்துக்கொண்டிருந்தபோது மாலை போட மாமனைக் கூப்பிட்டார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.