ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடிய பாட்டு

அந்தக் கடைத்தெருவில் ‘கரெக்ட்டு’ என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். பழுதுபார்த்த ஃபேனையோ மிக்ஸியையோ திருப்பிக் கொடுக்கும்போது, "கரெக்ட்டா இருக்கும், எடுத்துட்டுப் போங்க" என்பார். இருக்கவும் இருக்கும். முப்பது வருஷமாகத் தன் கை பட்ட ஒரு பொருளும் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். தலைக்கனம்தான். வேலை தெரிந்தவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

கல்யாணமே அந்தக் கையால் வந்தது என்பது அவர் கட்சி. கடை திறந்த புதிதில், யாரோ கழித்துப்போட்ட டேப்ரெக்கார்டருக்கு வேறொரு செட்டின் மோட்டாரைப் பொருத்தி உயிர் கொடுத்தார். கேசட் கதவு மட்டும் என்ன செய்தும் திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட கேசட்தான் ஓடும். அதில் ஒரு ஜப்பானியக் காதல் பாட்டு, கனமான ஆண்குரலில், ஆற அமர. ஒரு வார்த்தை புரியாது. காதல் பாட்டு என்பது மட்டும் யாருக்கும் புரியும்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண் ஒருத்தி இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்தாள். பெட்டி சரியான பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வந்தாள். ஒருநாள் கரெக்ட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு ஆரம்பிக்கும்போதே கேட்டுவிட்டார்.

"என்னைக் கட்டிக்கறீங்களா? இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள சொல்லுங்க. முடிஞ்சிட்டா, இனி கேட்கவே மாட்டேன்."

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வரியில் "சரி" என்றாள்.

கடை மாறியபோது அந்த செட் தொலைந்தது. பாட்டின் பெயரும் தெரியாது, பாடியவர் பெயரும் தெரியாது. மெட்டு மட்டும் புருஷன் பெண்டாட்டி இருவர் வாயிலும் மிஞ்சியது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் போனை நீட்டினாள். "சும்மா ஹம் பண்ணும்மா, இதுவே கண்டுபிடிச்சிடும்."

கண்டுபிடித்தும் விட்டது. துள்ளிக்கொண்டு வந்தது ஒரு பெண்குரல்.

"இது இல்லடி," என்றாள் அம்மா. "எங்களோடது ஆம்பளை குரல். உன் போனுக்குக் காது சரியில்ல."

கரெக்ட்டு காபி டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாவது வரியிலேயே விளங்கிவிட்டது. மோட்டாரின் முதுகில் வேகம் வைக்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு. வேறு செட்டின் மோட்டாரை மாட்டியவர், அதைத் தொடவே இல்லை. டேப் மெதுவாக ஓடினால் குரலும் கனத்துப்போகும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கேசட்டும் போட வழியில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி போன் மேலேயே போய்விடும். ஆனால் இவள் நம்பிக் கழுத்தை நீட்டியது அந்த வேலையைப் பார்த்தல்லவா? நினைக்கவே வலித்தது.

"பாட்டு இதுதான்," என்றார். "அன்னைக்கு ஓடினதுதான் தப்பு. மோட்டார் வேகத்தை நான் சரிபண்ணாம விட்டுட்டேன்."

மகள் விடவில்லை. குரலும் சேர்ந்து இறங்குகிற மாதிரி பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பெண் போய் ஆண் வந்தான். அவனேதான். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிவரை ஆடாமல் அசையாமல் கேட்டாள்.

"இது எவ்வளவு நேரம் ஓடுதுடி?"

"அஞ்சு நிமிஷம்மா. ஒரிஜினல் நாலுதான்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, கெடு வெச்சுக் கேட்கறாரே, இந்த ஆளுக்கு இவ்வளவு தலைக்கனமான்னு, பாட்டு முடிஞ்சதும் மாட்டேன்னு சொல்லத்தான் நின்னுட்டிருந்தேன். கடைசி ஒரு நிமிஷத்துலதான் மனசு மாறிச்சு."

"அப்போ நான் கரெக்ட்டா வேலை பார்த்திருந்தா?"

"அடுத்த பஸ்ஸுல வீட்டுக்குப் போயிருப்பேன்."

கரெக்ட்டு மகளிடம், "அந்த மெதுவானதையே இன்னொரு தடவை போடும்மா" என்றார்.