சிவப்பு அம்பு ஒட்டின கவிதை

அடுத்தவங்க செஞ்சதுல குறை கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் வாங்குறவங்க நாங்க. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங். கீறலோ, சுருக்கமோ, தையல் கோணலோ, கண்ணுல பட்ட இடத்தைக் காட்டி சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிப்பேருக்குத் தள்ளிடுவோம். செக்கிங் டேபிள்ல நின்னு கண்ணு கெட்டுப்போன சகோதரிகளே, கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை மூஞ்சியை விட்டுட்டு ஷூவைத்தானே முதல்ல பாக்கறோம்? அப்படிப்பட்டவளைப் போய் கவிதை எழுதச் சொன்னாங்க.

கை தூக்கின கதை

ஹெச்.ஆர். மேடம் எங்க லைனுக்கு வந்தாங்க. ஆண்டு விழாவுக்கு எல்லாரும் குடும்பத்தோட வரணுமாம். தொழிலாளி ஒருத்தர் ‘நான்’னு தலைப்பு வெச்சு சொந்தமா கவிதை எழுதி மேடையில படிக்கணுமாம். இயற்கை வரணும், பாரம்பரியம் வரணும், நாம யாருன்னு வரணும். மொத்த லைனும் தலையைக் குனிஞ்சுகிச்சு.

அந்த நேரம் பாத்து என் கையில இருந்த ஷூ சோல் பிரிஞ்சு வாயைப் பிளந்துகிட்டு இருந்துச்சு. சூப்பர்வைசரைக் கூப்பிடலாம்னு கையைத் தூக்கினேன். அவ்ளோதான், மேடம் என் பேரை எழுதிட்டாங்க. ஷூவைக் காட்டி, “இல்ல மேடம், இது வந்து...”ன்னு இழுத்தேன். எங்க காதுல ஏறுது!

“சூப்பர் செல்வி, இத்தினி பேர்ல உங்களுக்குத்தான் தைரியம்!”

வத்தாத பாலாறு

அன்னிலேர்ந்து சோறு இறங்கல. எதை எழுதறது? பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகத்துல, ‘வற்றாத பாலாறு நான், வானம் தொடும் மலை நான்’னு ஆரம்பிச்சேன். எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. பக்கத்து டேபிள் நூர் என் தோஸ்த், பேரணாம்பட்டுக்காரி. கேன்டீன்ல அவகிட்ட படிச்சுக் காட்டினேன். டிபன் பாக்ஸ் மூடியைப் பட்டுனு மூடினா.

“இன்னா செல்வி, பசங்க கிரிக்கெட் ஆடுற ஆறு உனக்கு வத்தாத ஆறா? பொய் ஜாஸ்தியா இருக்கு, கம்மி பண்ணு!”

ஒரே ஒரு லைன் பாஸ்

மாதனூர்ல கம்பெனி பஸ் ஏறினதும் பேப்பரை மடியில விரிச்சேன். பழக்கதோஷம், பையில கெடந்த ஸ்டிக்கரை எடுத்துப் பொய்யான லைனுக்கெல்லாம் அம்பு ஒட்டினேன். கம்பெனி வர்றதுக்குள்ள பேப்பருக்கு அம்மை போட்ட மாதிரி ஆய்டுச்சு. அம்பு இல்லாம நின்னது ஒரே லைன். எங்கப்பா சட்டை வாசத்தைப் பத்தினது.

அப்பா தோல் பதப்படுத்துற டேனரியில சுண்ணாம்புத் தொட்டி வேலை பாத்தவரு. ரோமம் போறதுக்குத் தோலை ஊறப்போடுற தொட்டி. அவரு பஸ்ல ஏறினா பக்கத்து சீட்டுக்காரங்க மூக்கைப் பொத்த கர்ச்சீப்பை எடுப்பாங்க. மடியில உக்காந்து நான் பாத்திருக்கேன். அதை மைக்ல எப்படிச் சொல்றது? செக்கிங் டேபிள்ல கெடந்த பேப்பரை சூப்பர்வைசர் எட்டிப் பாத்து சிரிச்சாரு.

“எல்லாம் ரிஜெக்ட்டா? பாஸான லைனை அனுப்பும்மா, போதும்!”

பின்னாடி சீட்டு

எம்பொண்ணு தீபிகா எட்டாவது படிக்கிறா. அந்த லைனைப் படிச்சதும் மூஞ்சி செத்துப்போச்சு. அவ ஃப்ரெண்டு ஹரிணியோட அம்மா எங்க கம்பெனி ஆபீஸ்ல இருக்காங்க. ஹரிணியும் விழாவுக்கு வர்றா. தாத்தா ‘லெதர் எக்ஸ்போர்ட்’னு இவ அவகிட்ட சொல்லி வெச்சிருக்கா. “அந்த லைன் மட்டும் வேணாம்மா, ப்ளீஸ்”னு அழுதா. எனக்குக் கோவம் வந்துச்சு, அடுத்த நிமிஷமே பாவமாவும் இருந்துச்சு. நான் மட்டும் இன்னா, பயப்படாமலா இருக்கேன்?

அப்பா உள்ள இருந்து கேட்டுகிட்டே இருந்திருக்காரு. விழாவுக்குன்னு இஸ்திரி போட்டு வெச்ச சட்டையோட வெளிய வந்தாரு.

“நான் வேணா பின்னாடி சீட்ல உக்காந்துக்கறேன்மா, யாருக்கும் தெரியாது.”

மேடையில

ரெண்டு பேப்பரோட ஏறினேன். ஒண்ணுல வத்தாத பாலாறு, இன்னொண்ணுல நெசம். முன்வரிசையில தீபிகா, ஹரிணி. கடைசி வரிசையில, சொன்ன மாதிரியே அப்பா. மைக் கரகரன்னுச்சு. அவரு அவ்ளோ தூரத்துல உக்காந்திருக்கறதைப் பாத்ததும் தாங்கல. பாலாத்தை மடிச்சு வெச்சேன்.

மழை வந்தா மட்டும் ஓடுற பாலாறு நான்.
மொட்டைப் பாறை மலைக்குப் பின்னால வெயில் ஏறுமுன்ன
எங்கப்பா சைக்கிள் போன தடம் நான்.
அவர் சட்டையில சுண்ணாம்பும் தோலும் கலந்த வாசம்.
அந்த வாசத்துல தூங்கி வளந்தவ நான்.

படிச்சு முடிச்சேன். செத்தோம்னு நெனச்சேன். அப்புறம் தையல் செக்‌ஷன் பக்கம் யாரோ விசில் அடிச்சாங்க, அப்புறம் கைதட்டல். எனக்கு அதெல்லாம் எங்க கேட்டுச்சு, கண்ணு தீபிகாவையே தேடுச்சு. கீழ இறங்கினா, கொந்தளிச்சுப்போய் எதிர்ல வர்றா.

“அம்மா, அந்த ஹரிணியும் எக்ஸ்போர்ட்னுதாம்மா புளுகியிருக்கா! அவங்க தாத்தாவும் சுண்ணாம்புத் தொட்டிதானாம், இப்பத்தான் சொல்றா!”

சொல்லிட்டு நேரா பின்வரிசைக்குப் போய், தாத்தா கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்துகிட்டு வந்தா. நான் அழுதுட்டேன். அப்பா அழல. யோசனையாவே நின்னாரு.

“எல்லாம் சரிம்மா, வாசம்னு போட்டியே, அது நாத்தமாச்சே?”

கம்பெனியே கைதட்டி பாஸ் பண்ண கவிதைக்கு நின்ன இடத்துலயே அம்பு ஒட்டினாரு பாருங்க, இந்த செக்கிங் புத்தி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.