மூன்று மணிக்கு வருபவர்

தம்பிக்கு வயது நாற்பத்தாறு. தலையில் பாதி நரை. இருந்தும் எல்லோருக்கும் அவர் தம்பிதான். முதலில் அக்கா அப்படிக் கூப்பிட்டாள், அம்மா பிடித்துக்கொண்டாள், பிறகு அப்பா, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று அது ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அவரைவிட இருபது வயது சின்னவளான டிக்கெட் கவுன்ட்டர் பெண்கூட "தம்பி சார்" என்பாள். அவரும் கண்டுகொள்வதில்லை.

ரயில் நிலையத்தில், மூன்றாம் பிளாட்பாரத்தின் கோடியில், தொலைந்த பொருட்கள் அலுவலகத்தில் வேலை. இரும்பு அலமாரி பதினொன்று. குடைகள், ஒற்றைச் செருப்புகள், பல்செட்டுகள், ஒரு செயற்கைக் கால். அதை ரயிலில் விட்டுவிட்டு அதற்கு உரியவர் எப்படி இறங்கிப் போனார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. மேலிடத்திலிருந்து கணினியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பை, குடை, போன் என்று எட்டு வகை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருகிறவர்கள் அப்படியா பேசுகிறார்கள்? "ஒரு டப்பாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா அது வேணும்" என்பார்கள். தம்பி முழுசாகக் கேட்டுவிட்டு, பெருமூச்சோடு 'இதர' என்பதை அமுக்குவார்.

இந்த மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எழுத்து விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் 'நீ வாசலில் நிற்கிறாய். கதவு சாத்தியிருக்கிறது' என்று வரும். கீழே ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர் 'கதவைத் திற' என்று தட்டினால் கதவு திறக்கும். எழுதியவருக்குத் தோன்றாத எதையாவது தட்டினால், 'எனக்கு அது புரியவில்லை' என்று பதில் வரும். தம்பி எழுதிய விளையாட்டு ஒரே ஒரு வீடு, ஏழு அறை. அவர் சின்ன வயதில் குடியிருந்த வாடகை வீடுதான் அது. அந்த வீட்டை இடித்துப் பல வருஷமாகிறது.

அவருடைய சிநேகிதர், தெருமுனை மருந்துக்கடைக்காரர், இதே பைத்தியத்தில் எதிர்க்கட்சி. அவர் விளையாட்டுகளில் தட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. நாலு வரி வரும், அடியில் இரண்டு பட்டன். 'உள்ளே போ', 'திரும்பிப் போ'. ஒன்றை அமுக்கினால் கதை நகரும். இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே இருவரும் பத்து வருஷமாக இதற்காக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தன் கதவைத் திறன்னுவான், தள்ளுன்னுவான், உடைன்னுவான். மூணு தடவை புரியலன்னு சொன்னா நாலாவது தடவை எழுந்து போயிடுவான். ரெண்டு பட்டனை வை, வேலை முடிஞ்சுது" என்பார் கடைக்காரர்.

"அந்த ரெண்டுலயும் அவனுக்கு வேண்டியது இல்லேன்னா?"

"இருக்கிறதுல ஒண்ணை அமுக்குவான். இங்க மட்டும் என்ன, மனசுல இருக்கிற மாத்திரையா கேக்குறாங்க? இருக்கிறதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"எனக்கு அவன் என்ன கேக்க வந்தான்னு தெரிஞ்சாகணும்."

"உனக்கு எதுக்குப்பா அந்த வம்பு?"

தம்பிக்கு அந்த வம்புதான் வேண்டியிருந்தது. விளையாட்டு இருந்தது கடைக்காரரின் கடைக் கணினியில். இணையம் வழியாக யார் எங்கிருந்து வந்து ஆடினாலும், அவர்கள் தட்டியது எல்லாம் அன்று சாயங்காலம் தம்பிக்கு வந்துவிடும். ஆள் யார், எந்த ஊர் என்று அது சொல்லாது, நேரம் மட்டும் இருக்கும். புரியாமல் போன வரிகளைத் தம்பி தனியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிச் சேர்ப்பார். மறுநாள் அதையே யாராவது கேட்டால் வீடு பதில் சொல்லும். இப்படியே ஆறு வருஷமாகச் செய்து வந்தார். ஆடியவர்கள் என்னவோ மொத்தம் முப்பது பேரைத் தாண்டமாட்டார்கள்.

போன மாதம் ஒரு நாள் வந்த வரிகளில் ஒன்றைத் தம்பி இரண்டு முறை படித்தார். மதியம் மூன்று மணிக்கு யாரோ தட்டியிருந்தார்கள்: 'குளியலறைக் கதவைத் தூக்கித் திற.'

அந்தக் கதவு அப்படித்தான். கீல் தொய்ந்து போயிருந்ததால் சற்றே தூக்கினால்தான் திறக்கும். ஆனால் தம்பி அதை விளையாட்டில் எழுதவே இல்லை. எழுத நினைத்ததுகூட இல்லை. அந்த வீட்டில் குளித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

மறுநாளும் மூன்று மணி. 'சமையலறை ஜன்னலில் உடைந்த கம்பியைப் பார்.' அதற்கு அடுத்த நாள், 'நடு அறையில் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வை.' எல்லாவற்றுக்கும் வீடு 'எனக்கு அது புரியவில்லை' என்று சொல்லியிருந்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத வீட்டுக்குள் அறை அறையாகத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். வீடோ கல்லாட்டம் நிற்கிறது. அவர் உட்கார்ந்து அவசர அவசரமாகப் பதில் எழுதினார். கம்பி உடைந்தது, கீல் தொய்ந்தது, கூரை ஒழுகியது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் நாலே பேர். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். அப்பா, சர்வே ஆபீசில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயதில் இவரோடு இருக்கிறார், கணினி என்றாலே முகம் சுளிப்பார். மிச்சம் அக்கா. அவளுக்கு இருபது வயதானபோது அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கதையெல்லாம் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு சொல்லு. இந்தக் கல்யாணம், இல்ல வாசல்" என்றார் அப்பா. அவள் வாசலைத் தேர்ந்தெடுத்தாள். முப்பத்துநாலு வருஷமாக ஒரு கடிதம் இல்லை, ஒரு தகவல் இல்லை. அப்பா அதற்குப் பிறகு அவள் பேச்சையே எடுத்ததில்லை.

அதனால் பதினேழாம் தேதி, அதே மூன்று மணிக்கு வந்த வரியைப் பார்த்ததும் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். 'மாடிப்படிக்கு அடியில் செங்கல்லை உருவு.' அங்கே ஒரு செங்கல் ஆடிக்கொண்டிருந்தது நிஜம். அதன் பின்னால்தான் அக்கா தன் கடிதங்களை ஒளித்து வைப்பாள். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான், அவளும் இவரும். தம்பி அழுதுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, செங்கல்லை உருவினால் என்ன நடக்கும் என்று எழுதினார்: 'பின்னால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. யாரும் தொடவில்லை.'

பத்து நாள் கழித்து, 'அப்பா இருக்கிறாரா' என்று ஒரு வரி வந்தது. இதற்குத் தம்பி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அப்பாவிடம் கேட்டிருக்கலாம், தைரியம் வரவில்லை. தானாகவே எழுதினார்: 'அப்பா உள்ளறையில் இருக்கிறார். வயதாகிவிட்டது. கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது.'

இந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வந்து நின்றார். இப்படி விளையாட்டு எழுதுகிறவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டு வருகிறார்களாம். "உன் வீட்டைப் பட்டனுக்கு மாத்தித் தர்றேன். அடுத்த வாரம் பழசை எடுத்துடுவோம்" என்றார்.

"எடுத்துடாதே."

"ஏன்?"

தம்பி சொன்னார். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி கேட்டுக்கொண்டார். "உங்களுக்கு அப்புறம் அந்த வீட்டுல யாராச்சும் குடி வந்திருப்பாங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்றார். அவர் குரலிலும் பழைய உறுதி இல்லை.

மறுநாளைக்குப் பதில் சொல்லிக் காலம் கடத்துவானேன், அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து பதில் எழுதிவிடலாமே என்று தம்பிக்குத் தோன்றியது. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். தன் சாவியால் கதவைத் திறந்தார்.

அவருடைய நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையை மாற்றி, தலை வாரியிருந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதே. பாப்பா பேசுறா" என்றார், திரும்பாமலே.

பாப்பா என்பது அக்கா. அந்தச் சொல்லை அப்பா வாயிலிருந்து கேட்டு முப்பத்துநாலு வருஷமாகிறது. தம்பி பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார்.

"ஒரு நாள் நீ இதைத் திறந்து வச்சிட்டுப் போயிட்ட. பார்த்தா நம்ம வீடு. சும்மா ஒண்ணு கேட்டேன், புரியலன்னுச்சு. மறுநாள் அதையே கேட்டேன், பதில் வந்துச்சு. இன்னைக்குக் கேட்டா நாளைக்குச் சொல்றா. அந்தக் கம்பி, அந்த ஒழுகல், எல்லாம் ஞாபகம் வச்சிருக்கா. வேற யாருக்குத் தெரியும் சொல்லு?" அப்பா திரையைத் தொட்டுக் காட்டினார். "அப்பா இருக்கிறாரான்னு கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்லைன்னு அவளே எழுதியிருக்கா பாரு. நான் சொல்லாமலே தெரிஞ்சிருக்கு."

அப்பா ஒரு வரி தட்டினார்: 'பாப்பா எப்போ வருவே.' வீடு, 'எனக்கு அது புரியவில்லை' என்றது. அப்பா கலங்கவில்லை.

"நாளைக்குச் சொல்லுவா. நீ குறுக்கே எதுவும் எழுதி வைக்காதே. அவளே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன எழுதினாலும் பொய். சீக்கிரம் வருகிறேன் என்று எழுதினால் அப்பா தினம் வாசலைப் பார்ப்பார். வரமாட்டேன் என்று எழுத இவருக்குக் கை வராது. ஒன்றும் எழுதாமல் மூடினார். மறுநாள் அப்பா கேட்டார், புரியவில்லை. அதற்கு மறுநாளும் கேட்டார். நாலு நாள் இப்படியே போயிற்று. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வாயைத் திறந்தார். "நாலு நாளா பேச்சே இல்ல. நீ ஏதாச்சும் சொல்லிட்டியா அவகிட்ட?"

அதற்கு மேல் தம்பியால் தாங்க முடியவில்லை. "அப்பா, அது நான். நீங்க கேட்டதுக்கெல்லாம் நான்தான் எழுதினேன். கேக்குறது அக்கான்னு நினைச்சு எழுதினேன்."

அப்பா இவர் முகத்தைப் பார்த்தார். "எல்லாமேவா? கோபம் போயிடுச்சுன்னு எழுதினது?"

"அதுவும் நான்தான். உங்களைக் கேக்காம எழுதிட்டேன்."

"அது பொய் இல்ல" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க அந்தச் செங்கல்லைக் கேட்டப்பதான் நான் அக்காதான்னு முடிவே பண்ணேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"எந்தச் செங்கல்?"

"மாடிப்படிக்கு அடியில. அக்கா கடிதம் ஒளிச்சு வைப்பாளே. பதினேழாம் தேதி கேட்டீங்களே."

"மாடிப்படி பக்கமே நான் போகலையே. அங்க செங்கல் ஏது?"

தம்பி எழுந்து போய் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த கண் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தார். பதினேழாம் தேதி. அன்று மதியம் மூன்று மணிக்கு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அப்பா அந்த மருத்துவமனை பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இங்கே வீடு பூட்டிக் கிடந்தது.

சீட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினார். அப்பா தேதியைப் படித்தார், பிறகு கணினியைப் பார்த்தார். இரண்டு பேருமே அதன் பக்கம் போக எழுந்திருக்கவில்லை.

"அதுக்கு என்ன பதில் எழுதினே?" என்று கேட்டார் அப்பா.

"யாரும் தொடலன்னு எழுதினேன்."

அப்பா தலையை ஆட்டினார். அந்த நேரம் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். பட்டன் எல்லாம் தயார், நாளைக்குப் பழசை எடுத்துவிடட்டுமா என்றார். தம்பி பதில் சொல்வதற்குள் அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"பட்டன் எல்லாம் வேண்டாம்பா. அது இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார். "அவ என்ன கேப்பான்னு நமக்கு என்ன தெரியும்?"