திரு. அஅஅ அவர்களின் பிள்ளைகள்

ஒரே ஊரில், ஒரே வட்டாரத்தில், ஒரே ஆளுக்கு அறுநூறு பிள்ளைகள் என்று ஒரு கணினி சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

மாட்டீர்கள். உங்களுக்கு மூளை இருக்கிறது. ஆனால் பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் மென்பொருள் நம்பியது. மென்பொருளே நம்பிவிட்டதே என்று அதை நடத்துகிறவர்களும் நம்பினார்கள். அந்த வட்டாரத்தில் அறுநூறு விண்ணப்பங்கள் ஒரே மூச்சில் தள்ளுபடி ஆயின. திரையில் காரணமும் வந்தது: 'ஒரே தந்தை பெயரில் பல விண்ணப்பங்கள். மோசடிச் சந்தேகம்.' அந்தத் தந்தையின் பெயர் திரு. அஅஅ.

இந்த மனிதரைப் பூமியிலிருந்து அப்புறப்படுத்திய பெண்ணுக்கு அலுவலகத்தில் 'அகராதி' என்று பெயர். அவள் செய்யும் வேலையால் வந்த பட்டம் அது. வாய்த்துடுக்கால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டையும் அவள் மறுத்ததில்லை.

வேலை இதுதான். ஒரு செயலியைத் திறந்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கட்டங்கள் வருகின்றன அல்லவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. கீழே பொடி எழுத்தில் ஒரு விளக்கம் இருக்கும். எத்தனை எழுத்து வரலாம், எண் மட்டுமா, காலியாக விடலாமா என்பதற்கு ஒரு வடிவமும் உண்டு. இவை மழைக்கு முளைத்த காளான் அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து வரையறுக்கிறார். அந்த நிறுவனத்தில் அந்த யாரோ அவள்தான்.

அதற்கு முன் அவள் ஓர் உதவி மையத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்கு நம்பரே கிடையாதுங்க, மரக்கடைக்குப் பின்னாடி வீடு. இந்தக் கட்டத்துல என்ன போடறது?" "எனக்கு ஒரே பேருதான். முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கேக்குதே?" நாள் முழுக்க இதே. கேட்கிறவர்கள் எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பெயர் ஒன்றாக இருப்பதும், தெருவுக்குப் பெயர் இல்லாததும் அவர்கள் குற்றமா? கேள்வி கேட்கத் தெரியாதவன் கட்டம் போட்டிருக்கிறான், அதற்கு இவர்கள் கூனிக் குறுகுகிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் அவள் இந்த வேலைக்கு வந்தாள்.

வந்ததும் ஒரு காரியம் செய்தாள். அதுவரை நிரல் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு திரை செய்து, ஆளுக்கொரு தலைப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு திரையில் நாள் முன்னால் வரும், இன்னொன்றில் மாதம் முன்னால் வரும். எல்லாக் கட்டங்களையும் ஒரே இடத்தில் வரையறுப்போம், எந்தத் திரையாக இருந்தாலும் தலைப்பையும் வடிவத்தையும் அங்கிருந்தே எடுக்கட்டும் என்றாள். எங்கள் கையைக் கட்டுகிறாள் என்று முணுமுணுத்தார்கள். அவள் விடவில்லை. ஒவ்வொரு திரையாகப் பிடித்து இழுத்து வந்து அந்தப் பொது அகராதியில் கட்டினாள்.

வீட்டிலும் அதே குணம்தான். "உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதினா போதாதாடி? கீழ 'கல் உப்பு, தூள் அல்ல'ன்னு விளக்கம் வேற," என்று அக்கா சிரிப்பாள்.

அக்கா பேருந்து ஓட்டுகிறவள். அக்காவும் அவளும் அக்காவின் மகளும் ஒரு மாடி வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். மகளுக்குப் பள்ளிக்கூட வயது. ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள் என்பதால் 'வால்' என்று கூப்பிட்டார்கள். வாலின் அப்பா யார் என்பது அக்காவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். முடிவெடுக்கும் உரிமை அவளுடையது, எடுத்தாள், அவ்வளவுதான்.

தெருமுனையில் பள்ளிக்கூடம். வால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கே மணி அடித்தால் தானும் 'டிங்' என்பாள். வால் காலையில் பள்ளிக்குப் போனால்தான் அக்கா பகல் வண்டி எடுக்க முடியும். வேறு பள்ளி எதுவும் நடந்து போகும் தூரத்தில் இல்லை. இந்த முறை இடம் தவறினால் ஒரு வருடம் போச்சு.

அன்று மாலை அக்கா சீருடையைக்கூட மாற்றாமல் கைபேசியை நீட்டினாள்.

"ஏய், இதைப் படி. நான் மோசடிக்காரியாம்."

அகராதி படித்தாள். "தந்தை பெயர் அஅஅ-ன்னு இருக்கே. யாருக்கா இது?"

"யாருன்னு எனக்கென்ன தெரியும்? சேர்க்கை மையத்துல ஒரு அம்மா தட்டச்சு பண்ணினாங்க. அப்பா பேரு சொல்லுன்னாங்க. இல்லைன்னேன். காலியா விட்டா நகராதும்மா, குறைஞ்சது மூணு எழுத்தாவது கேக்கும், நானே ஏதாவது போட்டுடறேன்னாங்க. நல்லவங்கதான் பாவம். 'எல்லாருக்கும் இதுதான்மா போடறோம்'னு வேற சொன்னாங்க."

அகராதிக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த மென்பொருள் அவளுடைய நிறுவனம் செய்தது. பழைய காகித விண்ணப்பத்தில் இருந்த 'தந்தை பெயர்' என்ற வரியை, அவள் சேருவதற்கு முன்பே யாரோ அப்படியே கட்டமாக்கி, கட்டாயம் என்று குறித்து, மூன்றெழுத்துக்குக் குறையக் கூடாது என்று பூட்டும் போட்டிருந்தார்கள். துறை கேட்ட கட்டமாயிற்றே என்று அவளும் அதை அப்படியே பொது அகராதியில் ஏற்றியிருந்தாள். பூட்டைத் திறக்க மையங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த சாவிதான் அஅஅ. மனிதர்கள் இரக்கப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த வருடம் புதிதாகச் சேர்த்த மோசடித் தடுப்பு, அந்த இரக்கத்தையே குற்றமாக்கிவிட்டது.

"கடைசித் தேதி எப்போக்கா?"

"இந்த வாரத்தோட முடியுது."

மறுநாள் காலை அவள் மேலாளர் முன்னால் நின்றாள். மேலாளர் கெட்டவர் இல்லை. எந்தப் பிரச்சினையையும் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடத் தெரிந்தவர், அவ்வளவே.

"மூணு எழுத்தும் ஒரே எழுத்தா இருந்தா ஏத்துக்காதேன்னு வடிவத்தை மாத்திடு. முடிஞ்சுது," என்றார்.

பக்கத்தில் இருந்த சோதனையாளன் தலையைத் தூக்கினான். மென்பொருளை உடைத்துப் பார்ப்பது அவன் தொழில், பேச்சும் அப்படித்தான். "அப்ப அஆஇ-ன்னு போடுவாங்க சார். பேரு கொஞ்சம் மாறும். குடும்பம் அதேதான்."

"சார், தள்ளுபடியானதுல எங்க அக்கா பொண்ணும் ஒருத்தி. இதை முதல்லயே சொல்லிடறேன்," என்றாள் அகராதி.

மேலாளர் முகம் தெளிந்தது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் நான் கையால எடுத்து விட்டுடறேன். இப்பவே. நீ பேசாம உன் வேலையைப் பாரு."

அவள் உடனே மறுத்துவிடவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்லலாம். ஜன்னல் கம்பியும் 'டிங்'கும் அவள் கண்ணுக்குள் நின்றன. வராந்தாவுக்குப் போய் அக்காவை அழைத்தாள். பணிமனையில் வண்டிகளின் உறுமலுக்கு நடுவே அக்கா கேட்டுக்கொண்டாள்.

"நம்ம வாலுக்கு மட்டுமா?"

"ஆமாக்கா."

"என் வண்டியில காலையில ஏறுற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு அந்த அறுநூறுல இருப்பாளுங்கடி. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கறது?" அங்கே யாரோ அவளை வண்டிக்குக் கூப்பிட்டார்கள். "முடியலைன்னா பாத்துக்கலாம். முதல்ல போய் சண்டை போடு. உனக்குத்தான் அது நல்லா வருமே."

சேர்க்கைத் துறையின் அதிகாரி அன்று பிற்பகல் வேறொரு வேலையாக நிறுவனத்துக்கு வருவதாக இருந்தது. நரைத்த தலை, கறார் பேச்சு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்று பெயர் வாங்கியவர். கூட்டம் தொடங்கியதும் அகராதி எழுந்துவிட்டாள். மேலாளர் கண்ணால் உட்கார் என்றார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"மேடம், 'தந்தை பெயர்'ங்கற கட்டம் எதுக்கு இருக்கு? அதை வெச்சு பள்ளிக்கூடம் என்ன பண்ணுது?"

"எப்பவும் இருக்கறதுதானே?"

"எப்பவும் இருக்குங்கறது பதில் இல்லீங்களே."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வழக்கம்மா. எல்லா விண்ணப்பத்துலயும் கேக்கறோம். காலியா விட்டா சரியா இருக்காது. ஒரு கட்டத்தை உண்மையா நிரப்ப முடியாதவங்க எத்தனை பேரு இருந்துடப் போறாங்க?"

வழக்கம் என்பது, யோசிக்க மறந்ததற்கு நாம் போர்த்திவிடும் பட்டுத்துணி. அதற்குள் எத்தனை பேர் மூச்சுத் திணறினாலும் வெளியே மினுமினுவென்றுதான் தெரியும். அகராதி இதையெல்லாம் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டாள்.

"மேடம், இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"ரயில்ல. நிலையத்துல இருந்து நடந்து. ஏன்?"

"கீழ வரவேற்புல உங்க விவரத்தை ஒரு திரையில நிரப்பினீங்களே. அதுல 'வாகன எண்'னு கட்டாயக் கட்டம் இருக்கும். என்ன போட்டீங்க?"

அதிகாரியின் உதட்டோரம் ஒரு நெளிவு வந்தது. "நாலு பூஜ்யம். கையில சாப்பாட்டுப் பையோட நிக்கறேன், அது விடவே மாட்டேங்குது. காவலர்தான் 'பூஜ்யம் போட்டுட்டுப் போங்கம்மா'ன்னார்."

சோதனையாளன் ஏற்கெனவே கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். அன்றைய வருகையாளர் பட்டியல் சுவரில் விரிந்தது. தண்ணீர் கேன் கொண்டு வந்தவர், நேர்காணலுக்கு வந்த நான்கு பேர், குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர், அதிகாரி. வரிசையாக 0000, 0000, 0000.

"உங்க மோசடித் தடுப்பை இதுல ஓட்டினா, எல்லாரும் ஒரே வண்டியில வந்திருக்கீங்க மேடம்," என்றான். "தண்ணி கேன் வேற மடியில."

முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"அந்த அறுநூறும் இப்படித்தானா?"

"இப்படித்தான். நடந்து வர்றவங்க உள்ள வரக் கூடாதுன்னு இங்க யாரும் முடிவு பண்ணலை, கட்டம் பண்ணிடுச்சு. அப்பா இல்லாத பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு நீங்களும் சொல்லலை. ஆனா உங்க பேர்லதான் நடக்குது."

"அப்ப நிஜ மோசடியை எப்படிப் பிடிக்கறது?"

"பிறப்புப் பதிவு எண் இருக்கே. ஒரே குழந்தைக்கு ரெண்டு விண்ணப்பம் வந்தா அதுவே காட்டிக்கொடுக்கும். அப்பா பேருக்கு இதுல வேலையே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு உண்மையில தெரிய வேண்டியது ஒண்ணுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடறது?"

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். "அதையே கேளுங்க. இப்பவே."

மேலாளர் இருமினார். "மேடம், மையத் திரை, பள்ளித் திரை, கைபேசி, அச்சுக் கடிதம்னு நாப்பது இடத்துல அந்தக் கட்டம் இருக்கு. ஒவ்வொண்ணா மாத்தறதுன்னா அடுத்த வருஷம்..."

"ஒரு இடத்துலதான் சார் இருக்கு," என்றாள் அகராதி. "நம்ம பொது அகராதியில. அந்த நாப்பதும் அங்கிருந்துதான் எடுத்துக்குது."

கையைக் கட்டுகிறாள் என்று முணுமுணுத்தவர்கள் எல்லோரும் அந்த அறையில்தான் இருந்தார்கள்.

இருக்கைக்குப் போனாள். பொது அகராதியைத் திறந்தாள். 'தந்தை பெயர்' என்ற தலைப்பை அழித்துவிட்டு, 'குழந்தைக்குப் பொறுப்பானவர்' என்று எழுதினாள். விளக்கத்தில், 'குழந்தைக்கு உடல்நலம் சரியில்லை என்றால் பள்ளி யாரை அழைக்க வேண்டும்? அவர் பெயர். அவர் யாராகவும் இருக்கலாம்' என்றாள். வடிவத்தில் மூன்றெழுத்துப் பூட்டை உடைத்தாள், ஓரெழுத்துப் பெயருள்ளவரும் மனிதர்தான். முன்னால் தானாக ஒட்டிக்கொள்ளும் 'திரு.'வையும் பிடுங்கிப் போட்டாள். மோசடித் தடுப்பைப் பிறப்புப் பதிவு எண்ணோடு இணைக்கும் வேலையை நிரல் எழுதுகிறவர்கள் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். சோதனையாளன் அதை உடைக்கப் பார்த்தான், முடியவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டான்.

தேநீர் வருவதற்குள் ஊர் முழுக்கத் திரைகள் மாறின. தள்ளுபடியான விண்ணப்பங்கள் அத்தனையும் மீண்டும் திறந்தன. மையங்களில் தட்டச்சு செய்கிறவர்கள் புதிய கேள்வியை ஒருமுறை தமக்குள் படித்துப் பார்த்து, பிறகு சத்தமாகவே கேட்டார்கள். பதில் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை. அம்மா, நான்தான். சித்தி. அண்ணன், பத்தொன்பது வயசு. எங்க மாடியில இருக்கற தையல்காரர், அவர்தான் பாத்துக்கறார்.

கடைசித் தேதிக்குள் அறுநூறு கட்டங்களிலும் உயிருள்ள மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திரு. அஅஅ ஒரு பிள்ளைக்குக்கூட அப்பாவாக மிஞ்சவில்லை.

வாலுக்குத் தெருமுனைப் பள்ளியில் இடம் கிடைத்த செய்தி, அக்கா கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது வந்தது. பொறுப்பானவர் என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதை அவள் சத்தம் போட்டு வாசித்தாள். இருக்கைகளில் இருந்த பெண்கள் தங்கள் கைபேசிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தி கைதட்டினாள், வண்டியே தட்டியது. அன்று பேருந்து தாமதமாகத்தான் கிளம்பியது, ஒருவரும் புகார் சொல்லவில்லை.

"சித்தி, என்னைப் பத்தி என்ன எழுதின?" என்று வீட்டில் வால் கேட்டாள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் எழுதலை. உன்கிட்ட தேவையில்லாததைக் கேக்காதேன்னு எழுதினேன்."

"ஜன்னலை இனி நீயே பாத்துக்கோ. எனக்கு நேரமில்லை," என்றாள் வால்.

இது ஒரு கட்டம்தான். மருத்துவமனையிலும் வங்கியிலும் விடுதியிலும் இதன் உறவினர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாதி கேட்கிறவை, கணவர் பெயர் கேட்கிறவை, மதம் கேட்டு, கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போடுகிறவை. நீங்கள் கட்டம் போடும் வேலையில் இருந்தால், நாளைக் காலை உங்கள் பட்டியலைத் திறந்து, எதற்கென்று சொல்ல முடியாத ஒரு கேள்வியையாவது நீக்குங்கள். கட்டத்தை நிரப்பும் பக்கத்தில் இருந்தால் பொய் எழுதி நகராதீர்கள். இது எதற்கு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள், பின்னால் வரிசையில் நிற்பவரையும் கேட்கச் சொல்லுங்கள்.